மருந்து டேங்கில் தீர்த்தம்

சூசைக்குடிக்காட்டில் செபம் சொல்லவென்றே ஒரு வாய் பிறந்தது என்றால் அது சந்தியாகு உபதேசியாருடைய வாய்தான். ஒரத்தநாட்டிலிருந்து தெற்கே பத்துக் கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர். பங்குச் சாமியார் இன்னும் ஐந்து ஊர்க் கோயில்களையும் சேர்த்துக் கட்டி மேய்க்க வேண்டியிருப்பதால், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, சாவு வீட்டில் செபமாலை சொல்வது, கோயிலைத் திறந்து மூடுவது எல்லாமே உபதேசியார் தலையில்தான். முப்பது வருஷமாகச் செய்கிறார், ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

அதிலும் நன்றி மன்றாட்டு என்று வந்துவிட்டால் மனுஷரை நிறுத்த முடியாது. மழைக்கு நன்றி, வெயிலுக்கு நன்றி, மாட்டுக்கு நன்றி, மாட்டின் மேல் உட்காருகிற கரிச்சானுக்கு நன்றி, மண்ணைக் கிளறுகிற புழுவுக்கு நன்றி என்று அடுக்கிக்கொண்டே போவார். அவரைச் செபம் சொல்லவிட்டால் சோறு ஆறிப்போகும் என்று அவர் மனைவி அமலோற்பவமே கல்யாண வீடுகளில் எச்சரித்து வைப்பாள். ஆண்டவர் படைத்துவிட்டு மறந்துபோன பூச்சிகூட உபதேசியாருக்கு ஞாபகம் இருக்கும் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. கேலி செய்தாலும் அவர் செபத்தில் ஊருக்குப் பெருமைதான்.

அப்பேர்ப்பட்ட நாக்கு, போன செப்டம்பரில் ஒரே ஒரு நன்றிக்கு எழும்ப மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. எப்படி ஒட்டியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மாதா பிறந்தநாள் முடிந்த மறு ஞாயிறு நாற்றங்கால் மந்திரிப்பது அந்த ஊர் வழக்கம். சம்பா நாற்று அப்போது ஒரு சாண் எழும்பி, கிளிப்பச்சையில் நிற்கும். பூசை முடிந்த கையோடு சாமியார் மந்திரித்த தண்ணீரோடு வயலுக்கு இறங்குவார். ஒவ்வொரு நாற்றங்கால் வரப்பிலும் நின்று மண்ணுக்கும் தண்ணீருக்கும் விதைக்கும் நன்றி சொல்லி, நொச்சிக் கொத்தைத் தண்ணீரில் தோய்த்து நாலு தெளிப்புத் தெளிப்பார். கிறிஸ்தவர்களான வேதக்காரர் நாற்று, மற்றவர் நாற்று என்று பார்ப்பதில்லை. கூப்பிட்டவர் வரப்பில் நிற்பார், அவ்வளவுதான்.

பங்குக்கு ஜூனில் வந்திருந்தவர் ஃபாதர் ததேயுஸ். வயது முப்பத்தைந்து இருக்கும். வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக்காரர், உப்பளம் தெரியும், வயல் தெரியாது. வரப்பில் நடக்கும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டுதான் நடப்பார். ஆனால் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிற குணம் உண்டு. சந்தியாகுவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

அந்த ஞாயிறு பத்தேகால் மணிக்கு இக்கரை நாற்றங்கால்கள் முடிந்தன. வாய்க்காலுக்கு அக்கரையில் இன்னும் ஆறு பாக்கி. ஃபாதருக்குப் பதினொரு மணிக்கு அடுத்த ஊரில் பூசை இருந்தது.

"அடுத்த வாரம் வச்சுக்கலாமா உபதேசியாரே?" என்று ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேணாம் ஃபாதர். அக்கரைக்காரங்க காலையிலேருந்து காத்துக்கிட்டு இருக்காங்க. பத்து நிமிசத்துல முடிக்க நான் ஒரு வழி வச்சிருக்கேன்."

அந்த வழி அவர் வீட்டுக் கொட்டகையில் ஆணியில் தொங்கியது. முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கிற டேங்க். தண்ணீரை அதில் ஊற்றிவிட்டால் குனிந்து தோய்த்து, நடந்து தெளித்து என்று நேரம் போகாது. வரப்பில் நடந்துகொண்டே அடித்துவிடலாம். தன் மூளையை நினைத்துச் சந்தியாகுவுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. மந்திரித்த தண்ணீர்க் குடத்தோடு ஓட்டமாக ஓடிப்போய் டேங்கை ஆணியிலிருந்து இறக்கினார்.

இறக்கும்போது கனத்தது.

காலி டேங்க் அவ்வளவு கனக்காது. உள்ளே ஏதோ குலுங்கியது. வெள்ளிக்கிழமை வரப்பில் களையைக் கொல்லப் புல் மருந்து அடித்ததும், பாதியில் மழை வந்து டேங்கை அப்படியே கொண்டுவந்து மாட்டியதும் அவருக்கு மங்கலாக ஞாபகம் வந்தது. அலசினோமா? அலசின தண்ணீர்தான் அடியில் கிடக்கிறதோ? மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கப் பத்து விநாடி போதும். ஆனால் வாய்க்கால் கரையில் சாமியார் வெயிலில் நிற்கிறார், ஊர் நிற்கிறது, உபதேசியார் மூளையைப் பார்க்க எல்லோரும் காத்திருக்கிறார்கள். அலசின தண்ணீராகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மந்திரித்த தண்ணீரை அதன் மேல் ஊற்றி மூடிவிட்டார். மனசு அறியாமல் செய்தேன் என்று பிற்பாடு அவரால் சொல்லவே முடியாமல் போனது இந்த இடத்தினால்தான்.

"இது சரியா இருக்குமா?" என்று ஃபாதர் சிரிப்பும் தயக்கமுமாகக் கேட்டார்.

"தண்ணி தண்ணிதானே ஃபாதர். எதுலேருந்து விழுந்தா என்ன?"

முதுகில் டேங்கோடு பம்பு அடித்தது உபதேசியார், குழாயைப் பிடித்தது சாமியார். ஆட்கள் மேல் தெளிக்கப் பழைய செம்பும் நொச்சிக் கொத்தும் தனியாக வந்தன. அந்த மட்டுக்கு ஆண்டவர் காப்பாற்றினார். தனிஸ்லாஸ் என்கிற பெரிய விவசாயி அதைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நவீன தீர்த்தம் என்று எழுதினார். கும்பிடுகிற கைகள் ஐம்பது வந்து விழுந்தன.

வரப்பிலிருந்து அடித்ததால் பெரிய நாற்றங்கால்களில் ஓரம் மட்டுந்தான் நனைந்தது. ஐந்தாவதாக இருந்தது நாகம்மாளுடையது. அவள் வேதக்காரி இல்லை. இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலம் கழித்தவள், புருஷன் செத்த பிறகு அந்த வருஷந்தான் முதன்முதலாக ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்திருந்தாள். அவள் நாற்றங்கால் வரப்போரமாக ஒரு நீளப் பாய் விரித்த மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. ஃபாதர் அவள் வரப்பைத் தாண்டப் பார்த்தபோது அவளாகத்தான் கூப்பிட்டாள்.

"எங்க நாத்துக்கும் ரெண்டு தெளிச்சுட்டுப் போங்க சாமி. மொத மொத நான் போட்ட நாத்து."

ஃபாதர் மனமிரங்கி நாலு தடவை கூடுதலாகவே அடித்தார். பாய் முழுக்க நனைந்தது. நாகம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். ஆறாவதாக உபதேசியாரின் சொந்த நாற்றங்காலுக்கு வந்தபோது குழாயில் காற்றுதான் வந்தது. ஃபாதர் கையாலேயே சிலுவை வரைந்து செபத்தைச் சொல்லிவிட்டு, பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலையில் நாகம்மாள் கோயில் வாசலில் வந்து நின்றாள். கையில் நாலு நாற்று. நுனி தீய்ந்து, நடுவில் மஞ்சள் ஏறியிருந்தது.

"அண்ணே, இது என்னன்னு பாருங்களேன். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

சந்தியாகு அவளோடு போய்ப் பார்த்தார். பாய் முழுக்கக் கருகிக் கிடந்தது. தனிஸ்லாஸ் நாற்றங்காலில் வரப்போரம் மட்டும் அரிவாள் வளைவாக ஒரு கருகல். மற்ற மூன்றிலும் அதே வளைவு. தண்ணீர் விழுந்த இடம் கருகியிருந்தது, விழாத இடம் பச்சையாக நின்றது. வீட்டுக்கு வந்து டேங்க் மூடியைத் திறந்தார். முகரக்கூட வேண்டியிருக்கவில்லை, வாடை தானாக வந்து மூக்கில் அடித்தது.

ஆண்டவரே, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சொல்லிவிடத்தான் நினைத்தார். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றார், பிறகு விடியட்டும் என்றார். அதற்குள் ஊர் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லத் தொடங்கிவிட்டது. உபதேசியாருடைய டேங்க் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருவர் நோய் என்றார். உரக்கடையில் இலையைக் காட்டினால் கடைக்காரர் ஒரு டானிக் பாட்டிலைக் கையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தனிஸ்லாஸ் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார்: "நோயும் இல்ல நொடியும் இல்ல. புதுச் சாமியாருக்குக் கைராசி பத்தாது. அக்கரையில அவசர அவசரமா அவர் தெளிச்ச இடமெல்லாம் கருகியிருக்கு. உபதேசியார் நாத்துல அவர் தெளிக்கல, அது மட்டும் பாருங்க எப்படி நிக்குதுன்னு. நம்ம உபதேசியார் செபத்துக்குக் கெடச்ச பலன் அது."

எல்லோரும் உபதேசியாரை மரியாதையோடு பார்த்தார்கள். அந்தப் பார்வையில்தான் அவர் மாட்டிக்கொண்டார். நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தவர், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம், பாவத்தைச் சாமியாரிடம் ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முதல் ஆளாகப் போய் மண்டியிட்டார். அதற்கென்று இருக்கிற மரப் பெட்டியின் சல்லடைக்கு அந்தப்பக்கம் ஃபாதர் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். சந்தியாகு டேங்க் கனத்ததிலிருந்து டீக்கடை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

"நஷ்டத்தச் சரி பண்ணணும். அது உங்களுக்கே தெரியும்," என்றார் ஃபாதர்.

"பண்ணிடுறேன் சாமி. எங்கிட்ட மூணு ஏக்கருக்கு நாத்து இருக்கு. ஆளுக்குக் கொஞ்சம் குடுத்துடுறேன். காரணத்த மட்டும்..." என்று இழுத்தார்.

"நாத்து குடுக்குறது நல்லது. ஆனா சரி பண்றதுன்னா அது மட்டுமான்னு நீங்களே யோசிங்க. உங்கள வெளிய நிறுத்திச் சொல்ல வைக்க என்னால ஆகாது. இங்க கேட்டது இங்கயே இருக்கும்." முகத்தைச் சல்லடைக்கு அருகே கொண்டுவந்தார். "பாவப் பரிகாரமா அபராதம் ஒண்ணு சொல்றேன். ஏழு சாயங்காலம் உங்க நாத்தங்கால் வரப்புல நில்லுங்க. அங்க ஆண்டவர் படைச்சு வச்சதுல கண்ணுல படுற ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லி நன்றி சொல்லுங்க. அவசரமில்லாம."

வெளியே வந்தபோது சந்தியாகுவுக்குக் காற்றுப் பட்டது போல் இருந்தது. இவ்வளவுதானா? நன்றி சொல்வதா? ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் அவர் செய்த வேலையே அதுதானே. கடல்காரருக்கு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் வரப்பில் போய் நின்றார். வாய்க்காலில் தண்ணீர் சலசலத்தது, அதற்கு நன்றி சொன்னார். கொக்குக்குச் சொன்னார், தட்டானுக்குச் சொன்னார், மேற்கே இறங்குகிற வெயிலுக்குச் சொன்னார். அப்புறம் கண் கீழே வந்தது. காலடியில் நாற்று காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது. ஒரு இலையில்கூடக் கறையில்லை. நாற்றுக்கு நன்றி ஆண்டவரே என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், அப்போதும் வரவில்லை. டேங்கில் இன்னும் அரைக் குடம் தண்ணீர் இருந்திருந்தால் இதுவும் கருகியிருக்கும். கருகாததற்கு நன்றி சொன்னால், நாகம்மாள் நாற்று கருகியதற்கும் சேர்த்துச் சொன்னதாக ஆகாதா?

இன்றைக்கு வரவில்லை, நாளைக்கு வரும் என்று திரும்பி நடந்தார். நடக்கும்போதுதான் வரப்பைப் பார்த்தார். அவர் மருந்தடித்த வரப்பு பழுப்பாகச் செத்துக் கிடந்தது. எப்போதும் கால் வைத்தால் இரண்டு பக்கமும் தத்துக்கிளி தெறிக்கும், தவளை தண்ணீரில் குதிக்கும். அன்றைக்கு ஒன்றும் அசையவில்லை. அமலோற்பவம் குழம்புக்குப் பறிக்கிற பொன்னாங்கண்ணி அந்த வரப்பில்தான் படர்ந்திருந்தது, அதுவும் சுருண்டு போயிருந்தது. பூச்சிக்கும் புழுவுக்கும் கோயிலில் நின்று நன்றி சொன்ன அதே மனுஷன்தான் வெள்ளிக்கிழமை இந்த வரப்பில் நடந்திருக்கிறான். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது.

திங்கள் போனார், செவ்வாய் போனார். கொக்கு வரைக்கும் வருகிறது, நாற்றுக்கு வந்தால் நாக்கு நின்றுவிடுகிறது. நாற்றைச் சொல்லாத நாள் ஏழில் சேராது என்று அவரே தீர்மானித்துக்கொண்டதால் மறுபடி மறுபடி முதல் நாளாகவே இருந்தது. வீட்டில் சாப்பாட்டுச் செபத்தைக்கூட இரண்டு வரியில் முடித்தார். சோறு சுடச்சுட இருந்தது. அமலோற்பவம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

ஃபாதர் எப்போதும்போல வந்தார், போனார். மெழுகுவர்த்தி வாங்கியாச்சா, பிள்ளைகள் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். சல்லடைக்குப் பின்னால் கேட்டதன் நிழல்கூட அவர் முகத்தில் இல்லை. வாரத்தின் நடுவில் புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு மந்திரிக்கக் கூப்பிட்டிருந்தவர்கள், இப்போ வேண்டாம் ஃபாதர், பக்கத்துப் பங்குச் சாமியாரை வைத்துக்கொள்கிறோம் என்று போனில் சொன்னார்கள். சந்தியாகு அப்போது பக்கத்தில்தான் நின்றார்.

"சரிங்க, நல்லபடியா நடக்கட்டும்," என்று ஃபாதர் போனை வைத்தார். வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் அவர் பேர் சுத்தமாகிவிடும். அந்த வார்த்தையை அவர் செத்தாலும் சொல்லக்கூடாது. அது தெரிந்துதான் நான் அந்தப் பெட்டியில் போய் மண்டியிட்டேனோ என்று சந்தியாகுவுக்குப் பட்டது. பட்டவுடன் உடம்பு கூசியது.

சனிக்கிழமை தனிஸ்லாஸ் வீடு தேடி வந்தார். கையில் டைப் அடித்த காகிதம்.

"ஆயர் இல்லத்துக்கு மனு. சாமியார மாத்திக் குடுங்கன்னு. பேரக் கெடுக்கணும்னு இல்ல உபதேசியாரே, ஊருக்கு ஒத்து வரல, அவ்வளவுதான். நாளைக்குப் பூசைக்கு அப்புறம் எல்லாரும் கையெழுத்துப் போடுறாங்க. மொத கையெழுத்து உங்களோடதா இருந்தாத்தான் ஆயர் மதிப்பாரு."

"நானா?"

"நீங்கதான். உங்க நாத்துதானே சாட்சி."

காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். சந்தியாகு அதை எடுத்துப் படித்தார். அக்கரையில் புதிய அருட்தந்தை மந்திரித்த ஐந்து நாற்றங்கால்களும் பாழாயின, அவர் தீர்த்தம் தெளிக்காத உபதேசியாரின் நாற்றங்கால் மட்டும் தழைத்து நிற்கிறது என்று இரண்டாவது பத்தியில் எழுதியிருந்தது.

அமலோற்பவம் சமையற்கட்டிலிருந்து வந்து நின்றாள்.

"அந்த டேங்க நான் போன வாரம் வியாழக்கெழமையே தொறந்து பாத்துட்டேங்க," என்றாள். "நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு நாள் பத்தாச்சு."

அவர் கையில் இருந்த காகிதத்தைக் காட்டினாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு வந்து எங்கிட்ட செபம் சொல்லாதீங்க. என்னால ஆமென் சொல்ல முடியாது."

மறுநாள் பூசை முடிந்ததும் கோயிலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு நாற்காலியும் அதன் மேல் அந்தக் காகிதமும் இருந்தன. நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். ஃபாதர் அங்கியைக் கழற்றி மடித்துவிட்டுப் படியில் இறங்கி வந்தவர், காகிதம் என்ன என்று தெரிந்தே, யாரையும் பார்க்காமல் பைக்கை நோக்கி நடந்தார். தனிஸ்லாஸ் பேனாவின் மூடியைக் கழற்றி உபதேசியார் கையில் கொடுத்தார்.

"ஃபாதர், ஒரு நிமிசம் நில்லுங்க," என்றார் சந்தியாகு.

ஃபாதர் நின்றார். கோயிலில் ஆயிரம் பேருக்குக் கேட்கிற அந்தக் குரல் அன்றைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே எட்டவில்லை. அவர் மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"நாத்து கருகுனது சாமியாரால இல்ல. என்னால. டேங்க்ல புல்லு மருந்து மிச்சம் இருந்துச்சு. தூக்கும்போதே கனத்துச்சு, பாக்காம தீர்த்தத்த ஊத்திட்டேன். என் நாத்து தப்பிச்சது செபத்தால இல்ல, டேங்க் காலியாயிடுச்சு. அவ்வளவுதான். பத்து நாளா எனக்குத் தெரியும். வாய மூடிக்கிட்டு உங்க மரியாதைய வாங்கித் தின்னுக்கிட்டு இருந்தேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். தனிஸ்லாஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீ ஒரு உபதேசியாரா? தீர்த்தத்தக் கொண்டுபோய் மருந்து டேங்க்ல ஊத்துனதே தப்பு, அதுல இது வேறயா? நான் இந்த மனுசன் பேர டீக்கடையில வச்சு நாறடிச்சேனே, அத யாரு அள்ளுறது?"

முப்பது வருஷத்தில் அவரை யாரும் நீ என்று பேசியதில்லை. சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டார். தனிஸ்லாஸ் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஃபாதரிடம் போனார், என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் பைக் கண்ணாடியைத் துடைத்தார். ஃபாதர் அவர் தோளில் தட்டினார். சந்தியாகுவின் பக்கம் ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பார்வையில் கண் கலங்கியிருந்தது.

நாகம்மாள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவளிடம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். ஊரார் முன்னால் நின்றதைவிட அந்த அரைக் கிலோமீட்டர்தான் அவருக்குத் தூரமாக இருந்தது. அவள் கருகிய நாற்றங்காலைக் கொத்திப் புரட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"மருந்தா?" என்றாள்.

"மருந்துதான் நாகம்மா."

"அப்ப என்னால இல்லையா?"

அவருக்குப் புரியவில்லை.

"நான் வேற சாமி கும்புடுறவ. தாலி இல்லாதவ. சாமியார் தாண்டிப் போகத்தான் பாத்தாரு, நான்தான் ஆசப்பட்டுக் கூப்புட்டேன். எல்லாருக்கும் ஓரம் மட்டும் கருகியிருக்கு, எனக்கு மட்டும் அத்தனையும் போச்சு. ஆகாததக் கேட்டுட்டேன் போலருக்கு, அதான் இப்படின்னு நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "பத்து நாளு அண்ணே. பத்து நாளா நான் தூங்கல. எம் பொண்ணுகிட்டகூடச் சொல்லல."

சந்தியாகு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சாமியாரின் பேரை நினைத்தார், தன் மரியாதையை நினைத்தார், நாற்றை எத்தனை கட்டு கொடுக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார். இது ஒன்று மட்டும் அவர் நினைப்பில் வரவேயில்லை. ஒரு பொம்பளை, ஆண்டவர் தன்னை வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்று பத்து நாள் நம்பியிருக்கிறாள். உபதேசம் பண்ணுகிறவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான். அவருக்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதார்.

நாகம்மாளும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"அழுதுட்டா ஆச்சா? தண்ணி வந்து நிக்குது, பருவம் போவுது. வயல்ல நான் எதக் கொண்டுபோய் நடுறது?"

"என் நாத்த எடுத்துக்க. உனக்கு ஒரு ஏக்கருக்கு வேணுங்கிறது போக மத்த நாலு பேருக்கும் ஓரத்துக்குக் குடுக்கணும். மிச்சம் இருக்கிறத நான் நட்டுக்குறேன்."

"மிச்சம் என்னா இருக்கும்?"

"ஒரு ஏக்கருக்குத் தேறும். பாக்கிக்குக் கொறஞ்ச நாள் ரகமாப் பாத்து நேரடியா வெதச்சுக்குவேன்."

அவள் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டாள். "நாளைக்கு விடிய வர்றேன். நாத்து பறிக்க நீங்களும் எறங்கணும். வரப்புல நின்னு செபம் சொல்ற வேல வேணாம்."

அதேபடி இறங்கினார். திங்கள் முழுக்க இடுப்பு ஒடியப் பறித்து முடி முடியாகக் கட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நாகம்மாள் வயலில் நடவு. நடுவதற்கு முன்னால், பக்கத்து ஊருக்குப் போகிற வழியில் ஃபாதர் பைக்கை நிறுத்தி வரப்பில் வந்து நின்றார். நாகம்மாள்தான் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தாள்.

"மறுபடியும் தெளிக்கணும் சாமி. எனக்கு மனசு ஆறணும்."

"கண்டிப்பா," என்றார் ஃபாதர். கை விரித்து நடக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

"தண்ணி இந்தத் தடவ நான் கொண்டாந்திருக்கேன்." தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டி, அதன் மேல் ஒரு பித்தளைக் குடத்தைச் சுமந்து வந்திருந்தாள். புளி போட்டுத் தேய்த்ததில் குடம் பளபளத்தது. இறக்கி வைத்து ஒரு டம்ளரில் மொண்டு, ஃபாதரிடம் கொடுக்காமல் உபதேசியாரிடம் நீட்டினாள். "மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க அண்ணே."

நடவுக்கு வந்திருந்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சந்தியாகு டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். நாகம்மாள் அவர் முகத்தை அரை நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி சாமி, மந்திரிங்க," என்றாள். ஃபாதருக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு செபம் சொல்ல ரொம்பப் பாடாகிவிட்டது. நொச்சிக் கொத்து கிடைக்காததால் ஒரு பிடி அருகம்புல்லைப் பிடுங்கித் தோய்த்துத் தெளித்தார்.

அன்று சாயங்காலம் சந்தியாகு தன் வரப்பில் போய் நின்றார். நாற்றங்கால் இருந்த இடம் பெரும்பாலும் சேறாகக் கிடந்தது. அதில் நாலைந்து கொக்குகள் புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. செத்த வரப்பில் ஓரிடத்தில் மட்டும் அருகு துளிர்விட்டிருந்தது. நாலு வரப்பு தள்ளி நாகம்மாள் வயல் தெரிந்தது. நட்ட நாற்று இன்னும் வேர் பிடிக்காமல், வெளிறிப்போய், தண்ணீரில் தலை சாய்த்துத்தான் நின்றது. அவர் நாற்றுதான் அது. அவருடையது என்று இனிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தத் தடவை கொக்கிலிருந்து தொடங்கவில்லை.

"நாத்துக்கு நன்றி ஆண்டவரே," என்றார். நாக்கு தடுக்கவில்லை. நாகம்மாளுக்கு நன்றி என்றார். அமலோற்பவத்துக்கு, கடல்காரருக்கு, தனிஸ்லாஸ் வாய்க்கும்கூட நன்றி என்றார். சேற்றுக்கு, தண்ணீருக்கு, துளிர்விட்ட அருகுக்கு என்று பழையபடி அடுக்கிக்கொண்டே போனார், குரல் தன்னை அறியாமல் உயர்ந்துவிட்டது.

அந்த வயலில் மண்வெட்டியோடு நின்ற நாகம்மாள் கையை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"அண்ணே, அப்புறம் பேசிக்கலாம், உங்க மடை ஒடைச்சுக்கிட்டு ஓடுது. மொதல்ல அத அடைங்க."

பாதி நன்றியை அப்படியே விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உபதேசியார் மடையைப் பார்க்க ஓடினார்.